தலைவர் வீட்டு வெள்ளரி வத்தல்

மழை இல்லாவிட்டால் சில ஊர்களில் கழுதைக்குக் கல்யாணம் செய்துவைப்பார்கள். சில ஊர்களில் கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைப்பார்கள். எங்கள் ஊரில் அதெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டுக்காரரை வந்து பார்த்து, ஏதாவது ஒரு தொழில் தொடங்கச் சொல்வார்கள்.

சிரிக்காதீர்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் இதைக் கேட்டு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடந்தால் நானே அவரை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அவருடைய தாத்தா. சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். பிறகு தேர்தலில் நின்று ஜெயித்துச் சென்னைக்குப் போய்ப் பேசியவர். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம், சாத்தூர் ரோட்டுக்குப் போகும் பாதை, தெருவிளக்கு எல்லாம் அவர் கொண்டுவந்தது. ஊரே அவரைத் தலைவர் என்றுதான் சொல்லும். அவர் சம்சாரம்கூட, “தலைவரே, சோறு ஆறுது, வாங்க” என்றுதான் கூப்பிடுவாராம். அரசியலில் அவர் கை அவ்வளவு சுத்தம். சுத்தமான கையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்பதால் தொழில் தொடங்கினார். அங்கேதான் பிடித்தது வினை.

எங்கள் ஊர் அச்சங்குளத்துக்குப் பக்கம். மேற்கே பார்த்தால் பட்டாசுக் கம்பெனிகள், கிழக்கே பார்த்தால் கரிசல் காடு. அவர்களுக்கு வெயில் வேண்டும், எங்களுக்கு மழை வேண்டும். நடுவில் தலைவர் தீப்பெட்டிக் கம்பெனி ஆரம்பித்தார். குத்துவிளக்கேற்றி, தேங்காய் உடைத்து, மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிக் களத்தில் காயப்போட்டார்கள். அதுவரை இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத மழை அன்று மத்தியானம் வந்தது. சும்மா வரவில்லை, கண்மாய் உடையும் அளவுக்கு வந்தது. குச்சியைப் பெட்டியில் உரசினால் நுரைதான் வந்ததாம்.

கண்மாய்தான் நிறைந்துவிட்டதே, இனி விவசாயம் என்று வாத்துப் பண்ணை போட்டார். வாத்து வந்து இறங்கியது, மழை நின்றது. கொஞ்ச நாளில் கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டது. வாத்துகள் என்ன செய்யும், பாவம்? வரிசை கட்டி ரோட்டோரமாகவே சாத்தூர் வரை நடந்திருக்கின்றன. வைப்பாற்றிலும் தண்ணீர் இல்லை. கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றனவாம். ஸ்டேஷன் மாஸ்டர் ஆள் அனுப்பி, “உங்க தலைவரோட வாத்தெல்லாம் பிளாட்பாரத்துல நிக்குது, வந்து ஓட்டிட்டுப் போங்க” என்று சொன்னதாக என் மாமியார் சொல்வார்.

அதற்குப் பிறகு மிளகாய் வத்தல் காயப்போட்டார், மழை. திராட்சை வைத்தார், வறட்சி. அப்பளம் போட்டார், மழை. நெல் போட்டார், வறட்சி. முதலில் யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வறட்சி வருஷத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் எல்லாம் திரண்டு வந்து வாசலில் நின்றார்கள். “தலைவரே, மறுபடியும் தீப்பெட்டி ஆரம்பிங்க” என்றார்கள். அவரும் மக்கள் தொண்டர் அல்லவா, மக்கள் கேட்டு எதை மறுத்திருக்கிறார்? ஆரம்பித்தார். பெய்தது.

இது சிவகாசி வரைக்கும் பரவிவிட்டது. அடுத்த வருஷம் அடைமழை விடாமல் ஊற்றியபோது அந்தப் பக்கத்துத் தீப்பெட்டிக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கையில் ஆப்பிள், ஆரஞ்சு. “தலைவரே, நெல்லு போடுங்க. விதை, உரம், ஆள் எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்.” அதையும் செய்தார். வானம் துடைத்துவிட்டது போல் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்?

இந்தக் கதைகளை ஊரில் யாரைக் கேட்டாலும் கை கால் ஆட்டிச் சொல்வார்கள். என் மாமியாரும் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வார். ஆனால் ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னார். ஊர் கேட்டுத் தலைவர் இரண்டாம் தடவை தீப்பெட்டி ஆரம்பித்தபோது, அவர் உண்மையாகவே ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாராம். சாத்தூரில் நாலு கம்பெனி ஏறி இறங்கி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மருந்துப் பக்குவம் பார்த்து, களத்துக்குச் சரிவெல்லாம் வைத்துக் கட்டினாராம். மழை வந்ததும் ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு தெருவும் சுற்றியிருக்கிறது. அவரும் கும்பிட்டுச் சிரித்தபடி சுற்றியிருக்கிறார். களத்துச் சரக்கை அள்ள ஒருத்தர் வரவில்லை. சாயங்காலம் புதுமருமகளான என் மாமியார் காபி கொண்டுபோனபோது, கொட்டகையில் உட்கார்ந்து நனைந்த குச்சிகளை ஒன்றொன்றாக உரசிக்கொண்டிருந்தாராம். “ஏத்தா, ஒண்ணு பத்துனாப் போதும்” என்றாராம்.

ஒன்றும் பற்றவில்லை.

அந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகை இன்று என் கோழிக்கூண்டுக்குக் கதவு. குச்சி அடுக்கும் சட்டங்கள் என் அடுப்படியில் தட்டு கவிழ்க்கும் அலமாரி. வாத்துக் கூடையில் வெங்காயம் கிடக்கிறது. ஒரு தலைவரின் முழு வியாபார வரலாற்றையும் நான் தினமும் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

என் மாமனார் விவரமான மனுஷர். தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலைக்குப் போய், கடைசி வரை எதையுமே ஆரம்பிக்காமல் காலத்தை ஓட்டிவிட்டார். வறட்சி வந்த வருஷங்களில் ஊரில் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்களாம். “ஒரு பொட்டிக்கடை வைக்கக்கூடாதா இந்த மனுஷன்? ஊரு நல்லாருக்கணும்னு நெனப்பு இருக்கா?” என்று அவர் காதுபடவே பேசுவார்களாம்.

ஒரு தலைமுறை தாண்டி அது என் வீட்டுக்காரர் தலையில் வந்து இறங்கியது. சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் பிரிவில் இருந்தார். இருந்தவரைக்கும் பேச்சில்லை. வேலையை விட்டு வீட்டோடு வந்ததும் ஆரம்பித்தார் பாருங்கள். காளான் கொட்டகை போட்டார், ஈரம் போய்க் காளான் குடை விரிக்குமுன்பே கருகியது. சரி, குடையே விற்போம் என்று குடைக் கடை வைத்தார். ஊர் குழம்பிப்போனது. தொழில் என்றால் மழை வர வேண்டும், ஆனால் மழை வந்தால் குடை விற்றுவிடுமே? மழை வரவில்லை. அன்றைக்குத்தான் சட்டம் தெளிவானது. தொழிலோ விவசாயமோ அது முக்கியமில்லை, இந்த வீட்டுக்காரர்களுக்கு எது தேவையோ அது வராது. ஊர் அவருக்குச் சின்னத்தலைவர் என்று பட்டம் கொடுத்தது.

போன ஐப்பசிக்கு வருகிறேன்.

எங்கள் காட்டை நான்தான் பார்க்கிறேன். மானாவாரி. புரட்டாசியிலேயே உழுது, மழையை நம்பி, காய்ந்த புழுதியிலேயே மக்காச்சோளம் விதைத்துவிட்டோம். இந்தப் பக்கம் அப்படித்தான் செய்வது. விதை மண்ணுக்குள் காத்திருக்கும், முதல் மழையில் முளைத்துவிடும். மழை வராவிட்டால் எறும்பு இழுத்துப் போகும், காட்டுப்பன்றி கிளறும், மிச்சம் மட்கிப் போகும். ஐப்பசி பிறந்தும் சொட்டு இல்லை. காட்டில் போய்க் குனிந்து மண்ணைக் கிளறினால் மருந்து தடவிய ரோஸ் கலர் விதை வைத்தது வைத்தபடி என்னைப் பார்க்கும். மறுபடியும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வருவேன்.

ஒரு நாள் காலையில் கண்மாய்ச் சங்கத்துக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கண்மாய் மடை திறப்பது, வாய்க்கால் வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. திறக்க மடையில் தண்ணீர்தான் இல்லை. சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டார்.

“மாப்ளே, சும்மா இருந்தா எப்படி? ஏதாச்சும் ஆரம்பிங்க.”

எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பூரித்ததில்லை. “நானே சொல்லணும்னு இருந்தேன் மாமா. ஒரு ஐடியா இருக்கு” என்றார். எனக்குப் பகீரென்றது.

ஐடியா இதுதான். சாத்தூர் வெள்ளரிக்காய் என்றால் எங்கும் பேர். பஸ் நின்றால் ஜன்னல் ஜன்னலாக நீட்டுவார்கள். ஆனால் வாங்கிய அன்றே தின்ன வேண்டும், வெளியூருக்குப் போகாது. அதைச் சீவி, உப்பும் மோரும் ஊற்றி ஊறவைத்து, வெயிலில் காயவைத்து வத்தலாக்கிவிட்டால் உலகம் பூரா அனுப்பலாம்.

“ஏங்க, வெள்ளரிக்காய்ல தண்ணியத் தவிர வேற என்ன இருக்கு? காஞ்சா மிச்சம் என்ன வரும், ஆவியா?” என்றேன்.

“வியாபாரம் ஒனக்குத் தெரியாது ஏட்டி.”

ஆஹா, இவருக்குத் தெரியும்!

கண்மாய்க்காரருக்கு வெள்ளரிக்காய் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. “நல்ல வெயில் வேணுமா மாப்ளே?”

“பின்னே? ஒரு தூத்தல் பட்டாலும் அம்புட்டும் பூசணம் பிடிச்சிரும்.”

வந்தவர்கள் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “அப்ப ரொம்ப நல்லது மாப்ளே. பெருசாவே செய்யுங்க” என்றார் கண்மாய்க்காரர். கண்ணில் தண்ணீர் வராத குறை.

மறுநாளிலிருந்து எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் இறவைத் தோட்டம் வைத்திருந்தவர்கள் வெள்ளரிக்காயை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். பெண்கள் அருவாமனையோடு வந்து உட்கார்ந்து சீவித் தள்ளினார்கள். பாய், வேட்டி, பழைய சேலை என்று காயப்போடத் துணி வந்தது. பக்கத்து வீட்டு மொட்டை மாடிகளையும் திறந்துவிட்டார்கள். தேநீர்க் கடைக்காரர் வாசலில் வந்து, “சின்னத்தலைவருக்கு ஒரு ஸ்பெஷல்” என்று தானாகவே கொடுத்துவிட்டுப் போனார்.

“பாத்தியா? தாத்தா மேல ஊருக்கு எம்புட்டுப் பாசம்” என்றார் இவர்.

நான் என்ன சொல்ல? அத்தனை பேரும் இவர் கெட்டுப்போவதற்காகத்தான் ஓடி ஓடி வேலை செய்கிறார்கள் என்று சொல்லவா? நானும் அதே நினைப்போடுதானே மோர் கடைந்துகொண்டிருந்தேன். விதை என்னுடையது அல்லவா?

விஷயம் நாரணாபுரத்துக்கு எட்டிவிட்டது. இவருடைய தங்கச்சி அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார், தரைச்சக்கரமும் புஸ்வாணமும். தீபாவளி சீசன் கடைசி லோடு போக வேண்டிய நேரம். சரக்கு வெயிலில் காய்ந்தால்தான் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு தீபாவளி கொண்டாட முடியும். அவள் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். ஒரு கையில் காராச்சேவுப் பொட்டலம், ஒரு கையில் பட்டாசுக் கிப்ட் பெட்டி.

“அண்ணே, ஒனக்குக் கோடிப் புண்ணியம். தீபாவளி முடியட்டும். அப்புறம் என்ன வேணும்னாலும் ஆரம்பி.”

“ஏன், இப்ப ஆரம்பிச்சா என்ன?” என்றேன் நான். “எங்க காடு காயுது.”

“மதினி, அம்புட்டு சரக்கும் களத்துல கெடக்கு. இந்நேரம் அண்ணன் வத்தல் போட்டா எங்க கதி என்ன ஆகும்?”

“ஒங்க சக்கரம் சுத்தணும்னு எங்க வெதை மட்கணுமா?”

“நீங்க சோளம் போடலைன்னு யார் அழுதா?”

சண்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கோழிக்கூண்டு வரை போய்த் திரும்பி வந்து சண்டை போட்டோம். கடைசியில் அவள் ஒரு வழி சொன்னாள். “அண்ணே, தொழில்தான் செய்யணுமா? பேசாம நெல்லு போடு. வெதை நான் வாங்கித் தாரேன்.”

அதுவரை வெள்ளரிக்காய்க்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார்.

“நான் செஞ்சா வெளங்கும்னு நெனைக்கிற ஆளு ஒருத்தர்கூடவா இல்ல?” என்றார்.

நாத்தனாராவது பட்டாசுப் பெட்டியை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். எனக்குச் செய்ய அதுவும் இல்லை. “ஊருக்கு மழை வேணும், தங்கச்சிக்கு வெயில் வேணும், எல்லாருக்கும் நான் வேணும். நான் ஜெயிக்கிறது மட்டும் யாருக்கும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் உப்புத் தடவ ஆரம்பித்தார். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

தொடக்க விழா தடபுடலாக நடந்தது. ஊர் நடுவில் இருக்கும் தலைவர் சிலைக்கு மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். முதல் தட்டு வெள்ளரிக்காயை மாடியில் பரப்பியதும், இவர் கீழே வத்தலைப் பார்த்தார், ஊர் மேலே வானத்தைப் பார்த்தது.

ஒரு துண்டு மேகம் இல்லை. அடித்தது பாருங்கள் வெயில், சித்திரையில்கூட அப்படிக் கண்டதில்லை. தார் ரோடு இளகியது. காலையில் பரப்பிய வெள்ளரி சாயங்காலத்துக்குள் சுருண்டுவிட்டது. ஊருக்கு நம்பிக்கை போகவில்லை. முதல் நாள்தானே என்றார்கள். அடுத்த நாளும் வெயில். அதற்கடுத்த நாளும்.

போகப் போக ஊர் முகம் மாறியது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம், “என்ன மாப்ளே, இன்னும் கெடலையா?” என்று விசாரித்தார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைக் கேட்பது மாதிரி. “கொஞ்சமாப் போட்டா மேகத்துக்குத் தெரியாது, இன்னும் பெருசாப் போடுங்க” என்று கண்மாய்க்காரர் யோசனை சொன்னார். தேநீர்க் கடையில் ஸ்பெஷல் சாதாரணமாகி, பிறகு அதுவும் நின்றது. தலைவர் பேரைக் கெடுக்க வந்த பேரன் என்றுகூட ஒருத்தர் சொன்னார். தலைவர் தொழில் ஆரம்பித்தால் கெடாமல் இருந்ததே இல்லையாம்!

நாரணாபுரத்திலிருந்து போன் வந்தது. சரக்கெல்லாம் அப்பளமாகக் காய்ந்து, கடைசி லோடும் போய்விட்டதாம். “அண்ணே, நீ மகராசனா இருக்கணும்” என்று அழுதாளாம். இவர் போனை வைத்துவிட்டு அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே திரிந்தார்.

விருதுநகரிலிருந்து வத்தல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் வருஷா வருஷம் எங்கள் ஊருக்கு மிளகாய் பிடிக்க வருவார். அவர் வந்து ஒரு வெள்ளரி வத்தலை எண்ணெயில் பொரிக்கச் சொல்லி வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் மூச்சு விடவில்லை.

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி” என்றார் பாய், அவராலேயே நம்ப முடியாத மாதிரி. “தீபாவளி கழிச்சு ஒரு தகரம் நெறையக் குடுங்க. மதுரைக் கடைக்கு அனுப்பிப் பாப்போம். ஓடுச்சுன்னா ஆர்டர் நான் பிடிச்சுத் தாரேன்.”

அன்று இவர் ஒரு வத்தலைப் பொரித்து, தட்டில் வைத்து, என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். எரிச்சலோடுதான் வாங்கினேன். என் விதை மண்ணுக்குள் செத்துக்கொண்டிருக்கிறது, இவருக்கு வத்தல்! கடித்தேன். உப்பும் புளிப்பும் கலந்து, உள்ளே எங்கேயோ வெள்ளரிக்காய் வாசமும் இருந்தது. நாசமாய்ப் போக, நன்றாகத்தான் இருந்தது.

“எப்படி?”

“திங்கலாம்” என்றேன். என் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். பெரிய சந்தோஷத்தோடு போனார்.

தீபாவளிக்கு மறுநாள் நாத்தனார் பலகாரத்தோடு வந்திருந்தாள். பாய்க்குக் கொடுக்க வேண்டிய அத்தனை வத்தலும் கடைசி வெயிலுக்காக எங்கள் மாடியிலும் பக்கத்து மாடிகளிலும் பரப்பிக் கிடந்தது. இவர் வத்தல் அடைக்கத் தகர டின் வாங்க ரோட்டுக் கடைக்குப் போயிருந்தார். நான் வழக்கம்போலக் காட்டுக்குப் போய் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. மண் வாசனை. நிமிர்ந்து பார்த்தால் வடகிழக்கே கரிசலும் வானமும் ஒரே நிறம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வா சாமி, வா என்று வாய்விட்டே கத்தினேன். காட்டு நடுவில் நின்று கைகளை விரித்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்துக் காட்டுக்காரி, “சின்னத்தலைவரு ஜெயிச்சுட்டாரு அக்கா!” என்று கூவினாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று நானே நினைக்கவில்லை.

ஊருக்குள் நுழையும்போது பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்துவிட்டது. தெருவில் ஒரே கூத்து. ஊரே வெளியில் வந்து நின்று நனைகிறது. நடுவில் எங்கள் வீட்டுக்காரர், நாலைந்து பேர் தோளில்! கையில் புதுத் தகரம். “சின்னத்தலைவர் வாழ்க! சின்னத்தலைவர் வாழ்க!” என்று சத்தம். இவர் மேலேயிருந்து, “ஏலே எறக்குங்கலே! வத்தலு! வத்தலு!” என்று கதறுகிறார். கோஷத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தகரத்தை வேறு அவரிடமிருந்து பிடுங்கித் தவில் மாதிரி தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஆனால் நின்று திட்ட நேரமில்லை. மாடிக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் நாத்தனார் நிற்கிறாள். பட்டாசுக்காரி அல்லவா, மழைக்கு முன்னால் களத்துச் சரக்கை அள்ளுவது அவளுக்குப் பிறவிப் பழக்கம். பரப்பிய வேட்டியை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்து ஒரே சுருட்டு. நான் கையால் அள்ளப் போனேன்.

“அள்ளாதீக மதினி! துணியோட சுருட்டுங்க! நடுவுல காஞ்சு கெடக்குறத முதல்ல!”

சண்டை போட்ட அதே வாயால் அவள் சொன்னதையெல்லாம் நான் அப்படியே கேட்டேன். சுருட்டிச் சுருட்டிப் படிக்கட்டுக்குள் எறிந்தோம். மழை வலுத்தது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினேன்.

“அட நன்றி கெட்டவங்களா! அந்த மனுஷன எறக்கி விடுங்க! ஒங்களுக்கு மழ வேணும்னா அவரு பொழப்பு நனையணுமா? மேல வந்து அள்ளுங்கலே!”

தகரச் சத்தம் நின்றது. கண்மாய்க்காரர் அண்ணாந்து பார்த்தார். மழையில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. தோளிலிருந்து இவரை மெதுவாக இறக்கினார்கள். முதலில் கண்மாய்க்காரர்தான் அடுத்த வீட்டு மாடிக்கு ஏறினார். பிறகு தேநீர்க் கடைக்காரர். பிறகு ஆளாளுக்கு.

மேலே நின்று வானத்தைப் பார்த்து, “இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கக்கூடாதா சனியனே” என்று நான் மழையைத் திட்டியது உண்மை. எங்கள் கரிசலில் அதுவரை எந்தச் சம்சாரியும் ஐப்பசி மழையைத் திட்டியிருக்க மாட்டார்.

மற்ற மாடிகளில் கிடந்தது பெரும்பாலும் போய்விட்டது. நனைந்து மறுபடியும் வெள்ளரிக்காயாக ஊதிப்போய்க் கிடந்தது. எங்கள் மாடியில் முதலில் சுருட்டியது மட்டும் படிக்கட்டில் பத்திரமாக இருந்தது. இவர் சொட்டச் சொட்ட ஏறி வந்தார். சட்டையில் ஒரு பட்டன்கூட இல்லை. நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். நான் மூட்டையை அவிழ்த்து நீட்டினேன். ஒன்றை எடுத்து ஒடித்தார்.

படக்கென்று ஒடிந்தது.

“காஞ்சிருக்கு” என்றார். இன்னொன்றை எடுத்து ஒடித்தார். அதுவும் ஒடிந்தது. “ஒரு தகரத்துக்கு வரும்ல?”

“வரும்ணே” என்றாள் தங்கச்சி. “தகரத்தத்தான் நசுக்கிட்டாங்க.”

கீழே தெருவில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. என் காட்டில் இந்நேரம் விதை ஊறத் தொடங்கியிருக்கும் என்று நினைத்தேன். இவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, வத்தல் நனையாமல் துணியை மூடினார். மூடிய கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார்.

“தாத்தாவோட தீக்குச்சிய அன்னைக்கு யாருமே அள்ளலியாம்” என்றார்.

“அன்னைக்கு நான் இந்த வீட்டுக்கு வரலையே” என்றேன்.